முதலில் கலந்தோம், பிறகுதான் பிரிந்தோம்

நம் முன்னோர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்ற பேச்சை எந்த டீக்கடையில் எடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் குரல்கள் உயர்ந்துவிடும். நாங்கள்தான் இந்த மண்ணின் ஆதிக்குடிகள் என்பார் ஒருவர். நீங்களெல்லாம் வடக்கே இருந்து வந்தவர்கள் என்பார் இன்னொருவர். யாரும் எங்கிருந்தும் வரவில்லை, எல்லாம் வெள்ளைக்காரன் கட்டிய கதை என்பார் மூன்றாமவர். கடந்த 20 ஆண்டுகளாக இந்தப் பேச்சுக்குள் மரபணுவும் வந்து உட்கார்ந்துவிட்டது. "டி.என்.ஏ. டெஸ்ட்லயே சொல்லிட்டாங்க" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் வாயடைத்துப்போகிறார்கள். அந்த டெஸ்ட் உண்மையில் எதைச் சொல்கிறது, எப்படிச் சொல்கிறது என்பதை இன்று நாம் நிதானமாகப் பார்ப்போம். அவசரம் ஒன்றுமில்லை, இன்னொரு டீ சொல்லிக்கொள்ளலாம்.

நம் உடலின் ஏறத்தாழ ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. அதில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். எழுத்து என்று நாம் சொல்வது நான்கே வகையான வேதிப்பொருள்களை. அவைதான் மாறி மாறி வரிசையாக நிற்கின்றன. இந்த இழை 23 குரோமோசோம்களாகப் பிரிந்து கிடக்கிறது. அம்மாவிடமிருந்து 23, அப்பாவிடமிருந்து 23 என்று ஒவ்வொன்றும் நமக்கு ஜோடியாக வருகிறது. உலகில் எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 1,000 எழுத்துகளுக்கு ஒன்றில்தான் வித்தியாசம் இருக்கும். அந்த ஒன்றில்தான் நம் பயணக் கதை முழுவதும் இருக்கிறது.

அந்த வித்தியாசம் எப்படி வருகிறது? ஒவ்வொரு தலைமுறையிலும் பெற்றோரின் டி.என்.ஏ. நகலெடுக்கப்பட்டுப் பிள்ளைக்குப் போகும்போது சில எழுத்துகள் மாறிவிடுகின்றன. பெரும்பாலான மாற்றங்களால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஆனால் மாறிய எழுத்து பிள்ளைக்கும் பேரனுக்கும் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு கூட்டங்கள் நடுவில் மலையோ கடலோ பாலைவனமோ கிடக்க, பல்லாயிரம் ஆண்டுகள் ஒன்றையொன்று பார்க்காமல் வாழ்ந்தால், இங்கே சேரும் மாற்றங்கள் வேறு, அங்கே சேரும் மாற்றங்கள் வேறு. பிறகு ஒருநாள் அந்த இரண்டு கூட்டங்களும் சந்தித்துப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், பிறக்கும் பிள்ளைகளிடம் இரண்டு வகை மாற்றங்களும் இருக்கும். இதுவரை எளிது. இனிமேல்தான் அழகு.

கலந்தார்கள் என்பது சரி, எப்போது கலந்தார்கள் என்று எப்படிச் சொல்கிறார்கள்? இதற்குப் பூக்காரம்மாவின் கூடையிலிருந்து இரண்டு சரங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று முழுக்க முல்லை, இன்னொன்று முழுக்கக் கனகாம்பரம். முல்லைச்சரம் அம்மா தந்த குரோமோசோம், கனகாம்பரச்சரம் அப்பா தந்தது. பிள்ளையின் உடலில் இரண்டும் தனித்தனிச் சரங்களாகவே இருக்கின்றன. அந்தப் பிள்ளை வளர்ந்து தனக்கொரு பிள்ளை பெறும்போதுதான் வெட்டும் கட்டும் நடக்கிறது. இரண்டு சரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்து, ஓரிரு இடங்களில் சமமாக வெட்டி, துண்டுகளை மாற்றிக் கட்டி, அப்படிக் கிடைத்த ஒரு சரத்தை உடல் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறது. பேரனுக்குக் கிடைக்கும் சரத்தில் ஒரு முழம் வெள்ளை, ஒரு முழம் ஆரஞ்சு. அடுத்த தலைமுறையில் வேறு இடங்களில் வெட்டு விழும். முழம் அரை முழமாகும், அரை முழம் சாணாகும். பத்து தலைமுறை கழித்துப் பார்த்தால் விரலளவுத் துண்டுகள். நூறு தலைமுறை கழித்துப் பார்த்தால் அவற்றிலும் பத்தில் ஒரு பங்கு நீளம்தான் இருக்கும். இரண்டு பூ அங்கே, மூன்று பூ இங்கே என்று அசல் கதம்பம்.

ஆக, சரத்தில் ஒரே நிறத் துண்டு எவ்வளவு நீளம் என்று அளந்தால், எத்தனை தலைமுறைகளுக்கு முன் முதல் முடிச்சு விழுந்தது என்று கணக்கிட்டுவிடலாம். ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ 29 ஆண்டுகள் என்று வைத்துப் பெருக்கினால் காலம் கிடைத்துவிடும். மிகப் பழைய கலப்பில் துண்டுகள் நுணுகிப்போய், ஒரே ஆளிடம் பார்த்தால் தெரியாது. ஒரு கூட்டத்தில் பல பேருடைய டி.என்.ஏ.வைச் சேர்த்துச் சராசரி பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். யாரோ எழுதி வைத்த வம்சாவளியோ, செப்பேடோ, புராணமோ இதற்குத் தேவையில்லை. நம் உடலே தேதி போட்டு வைத்திருக்கிறது என்பதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு மலைப்பாக இருந்தது. இன்றும் அந்த மலைப்பு போகவில்லை.

அண்மைக் காலக் கலப்பு எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சித்திகள் இருக்கிறார்கள். குஜராத்திலும் கர்நாடகத்திலும் வாழும் இவர்களின் முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் மாலுமிகளாகவும் படைவீரர்களாகவும் இங்கே கொண்டுவரப்பட்டவர்கள். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அவர்களின் மரபணுவில் பெரும்பங்கு ஆப்பிரிக்கா, மீதி இந்தியா என்று தெரிந்தது. உள்ளூர் மக்களோடு கலப்பு தொடங்கி ஏறத்தாழ 200 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதனால் அவர்களிடம் துண்டுகள் இன்னும் நீளமாக இருக்கின்றன. சரித்திரம் சொல்வதும் மரபணு சொல்வதும் அங்கே ஒத்துப்போகின்றன.

இனி நாட்டின் மற்ற மக்களைப் பார்ப்போம். 2009இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜும் லால்ஜி சிங்கும் ஹார்வர்டின் டேவிட் ரைஷும் சேர்ந்து ஓர் ஆய்வை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்து 25 கூட்டங்கள், 132 பேர். அவர்கள் கண்டது இதுதான்: இந்தியாவின் பெரும்பாலான மக்கள் இரண்டு பழைய கூட்டங்களின் கலவை. ஒன்றுக்குத் தொல் வட இந்தியர், மற்றொன்றுக்குத் தொல் தென்னிந்தியர் என்று பெயர் வைத்தார்கள். முதல் வகையின் பங்கு பெரும்பாலான கூட்டங்களில் 39 முதல் 71 விழுக்காடு வரை இருந்தது. வடமேற்கே போகப் போகக் கூடுகிறது, தெற்கே வர வரக் குறைகிறது. ஆனால் நாட்டின் பெருநிலத்தில் அவர்கள் பார்த்த எந்தக் கூட்டமும் ஒரே வகையாக இல்லை. அந்தமானின் ஓங்கே போன்ற பூர்வகுடிகளிடம் மட்டும் முதல் வகையின் சாயல் இல்லை. கடல் அவர்களைப் பிரித்து வைத்திருந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2013இல், பிரியா மூர்ஜானி முதன்மை ஆசிரியராக இருந்த ஆய்வு, கலப்பு எப்போது நடந்தது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. 73 கூட்டங்களின் துண்டு நீளங்களைக் கணக்கிட்டார்கள். கலப்பு நடந்த காலம் ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை என்று கிடைத்தது. வட இந்தியக் கூட்டங்கள் சிலவற்றில் ஒரு தடவைக்கு மேல் கலப்பு நடந்த தடயமும் இருந்தது. அந்தக் காலத்தை ஒரு கணம் மனதில் நிறுத்திப் பாருங்கள். சிந்துவெளி நகரங்கள் தளர்ந்த காலத்தில் தொடங்கி, நம் சங்கப் பாடல்கள் பாடப்பட்ட காலம் வரை வருகிறது. அந்த 2,000 ஆண்டுகளில் இந்தத் துணைக்கண்டத்தில் ஏறத்தாழ எல்லோரும் எல்லோரோடும் கலந்திருக்கிறார்கள். இன்று உயர்ந்தது தாழ்ந்தது என்று சொல்லப்படும் சாதிகளும், காட்டுக்குள் ஒதுங்கி வாழ்ந்ததாக நாம் நினைக்கும் பழங்குடிகளும் இதில் அடக்கம்.

அந்த இரண்டு பழைய கூட்டங்களும் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு எலும்புகள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இன்று வாழ்பவர்களின் இரத்தத்தை வைத்துப் பழையதை ஊகிப்பது ஒன்று, பழைய மனிதரிடமே கேட்பது வேறு. ஆனால் நம் ஊர் வெயிலும் ஈரமும் எலும்பிலுள்ள டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். சைபீரியக் குளிரில் 40,000 ஆண்டுகள் கிடக்கும் சங்கதி இங்கே 4,000 ஆண்டுகளில் காணாமல் போய்விடும். ஹரியானாவின் ராகிகடி சிந்துவெளி நகரங்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. அங்கே வசந்த் ஷிண்டேயின் குழு தோண்டியெடுத்த 60க்கு மேற்பட்ட மாதிரிகளில் ஒன்றே ஒன்றுதான் போதுமான டி.என்.ஏ.வைக் கொடுத்தது. அது ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் எலும்பு. 2019இல் அந்த முடிவு வெளியானது.

அதே நாளில் வெளியான இன்னொரு பெரிய ஆய்வை முதன்மையாக எழுதியவர் வாகீஷ் நரசிம்மன். அதில் 523 பழங்கால மனிதர்களின் டி.என்.ஏ. புதிதாகப் படிக்கப்பட்டிருந்தது. துர்க்மெனிஸ்தானின் கோனூர், ஈரானின் ஷாரி சோக்தா ஆகிய இரண்டு பழைய ஊர்களின் இடுகாடுகளில், சுற்றியிருந்தவர்களோடு ஒட்டாத 11 பேர் இருந்தார்கள். மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இவர்களிடம் இருந்தது. இந்தியத் துணைக்கண்டத்தின் பழைய வேட்டைக்குடிகளின் சாயல் அது. சிந்துவெளியோடு வணிகத் தொடர்பு வைத்திருந்த ஊர்கள் அவை. வெளியூர் போய் அங்கேயே இறந்த சிந்துவெளிக்காரர்களாக இவர்கள் இருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். ராகிகடிப் பெண்ணின் டி.என்.ஏ.வை எடுத்து ஒப்பிட்டபோது இவர்களோடு அப்படியே பொருந்தியது. ஓர் எலும்பை வைத்து இவ்வளவு பேசலாமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: மூன்று நாடுகளில் கிடைத்த 12 பேர் ஒரே கதையைச் சொல்கிறார்கள்.

இப்போது மூன்று வகை முன்னோர்கள் நமக்குத் தெரிகிறார்கள். முதலாவது, பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த நிலத்திலேயே வேட்டையாடி, கிழங்கும் கனியும் சேகரித்து வாழ்ந்தவர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வெளியே வந்த மனிதக் கூட்டத்தின் மிகப் பழைய கிளைகளில் ஒன்று இது. அந்தமான் மக்கள் இவர்களுக்கு மிகத் தூரத்துச் சொந்தம். இரண்டாவது, பழைய ஈரானிய மக்களோடு உறவுடைய ஒரு கிளை. ஈரானில் வேளாண்மை தொடங்குவதற்கு முன்பே இந்தக் கிளை பிரிந்துவிட்டது. இந்த இருவரும் கலந்துதான் சிந்துவெளி மக்கள். அந்தக் கலவை ஆளுக்கு ஆள் வேறு வேறு அளவில் இருந்தது. மூன்றாவது, இன்றைய ரஷ்யா, கசகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளிலிருந்து மாடும் குதிரையும் ஓட்டிக்கொண்டு நடு ஆசியா வழியாக வந்த மேய்ப்பர்கள். ராகிகடிப் பெண்ணிடம் இவர்களின் சாயல் கிடையாது. இவர்கள் இங்கே வந்து சேர்ந்தது பொ.ஆ.மு. 2000க்கும் 1500க்கும் இடையில்.

சிந்துவெளி நகரங்கள் கலைந்தபோது அங்கிருந்த மக்கள் இரு திசைகளில் கலந்தார்கள். வடக்கே, புதிதாக வந்த மேய்ப்பர்களோடு கலந்தவர்கள் தொல் வட இந்தியர் ஆனார்கள். தெற்கிலும் கிழக்கிலும் உள்ளூர் வேட்டைக்குடிகளோடு மேலும் கலந்தவர்கள் தொல் தென்னிந்தியர் ஆனார்கள். பிறகு இந்த இரண்டு கலவைகளும் ஒன்றோடொன்று கலந்தன. இன்று நம் நாட்டில் மிகப் பெரும்பாலானோரிடம் சிந்துவெளிப் பங்கு உண்டு. அதுதான் பலரிடம் பெரிய பங்கும்கூட. மேய்ப்பர் பங்கு வடக்கே சில கூட்டங்களில் 30 விழுக்காடு வரை போகிறது, தெற்கே பல கூட்டங்களில் மிகக் குறைவு. வடக்கிலும் தெற்கிலும் மரபாகப் பூசாரித் தொழில் செய்த கூட்டங்களில் அது கொஞ்சம் கூடுதல். கிழக்கே ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் முண்டா மொழிகள் பேசுவோரிடம் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த நான்காவது பங்கும் சேர்ந்திருக்கிறது.

இனி, ஏறத்தாழ எல்லோரிடமும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தோடு கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். இவ்வளவும் கேட்ட பிறகும் ஒருவர் கேட்பார்: "அது சரி, எங்க வேர் எது?" கேள்வியிலேயே பிழை இருக்கிறது. வேர் ஒன்றுதான், அது தூய்மையாக எங்கோ இருக்கிறது, கலப்பு என்பது பிற்காலத்தில் மேலே படிந்தது என்று நாம் மனதுக்குள் வைத்துக்கொள்கிறோம். படித்தவர்களும் இதில் விழுகிறார்கள், மேடையில் பேசுபவர்களும் விழுகிறார்கள். வெளியிலிருந்து யாருமே வரவில்லை என்று வாதிடுபவரும், இருந்தவர்களை விரட்டிவிட்டு வந்தவர்கள் நிறைந்துகொண்டார்கள் என்று வாதிடுபவரும் எதிரெதிராக நிற்பதாகத்தான் தெரியும். ஆனால் இருவருமே ஒற்றை வேரைத்தான் தேடுகிறார்கள். மரபணுவில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

மதுரைப் பக்கத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் மதுரைப் பகுதிக் கிராமங்களில் சேகரித்த இரத்த மாதிரிகளில், எம்130 என்ற மிகப் பழைய அடையாளம் சிலரிடம் கண்டறியப்பட்டது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமும் அந்த அடையாளம் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகக் கிழக்கே நடந்தவர்களின் தடயம் அது என்பது அருமையான கண்டுபிடிப்புதான். ஆனால் பத்திரிகைகளிலும் பேச்சிலும் அது "முதல் இந்தியர் கண்டுபிடிப்பு" என்று மாறிப்போனது. எம்130 இருப்பது ஒய் குரோமோசோமில். அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். அப்பாவின் அப்பாவின் அப்பா என்று ஒரே கோட்டில் பின்னோக்கிப் போகலாம். ஆனால் பத்து தலைமுறைக்கு முன்னால் நம் வம்சத்தில் 1,024 முன்னோர் இடங்கள் இருக்கின்றன. ஒய் குரோமோசோம் அவற்றில் ஒரே ஓர் இடத்தைப் பற்றித்தான் பேசும். மீதி 1,023 பேர் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று அதற்குத் தெரியாது. அந்த அடையாளம் உள்ளவரின் மற்ற குரோமோசோம்களை எடுத்துப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரரைப் போலவே அவரும் கலவைதான்.

இதையே தாய்வழியில் பார்ப்போம். மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியின் டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வரும். இந்தியாவில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அது எம் என்ற மிகப் பழைய கிளையைச் சேர்ந்தது. அதன் உட்கிளைகள் பல இந்தத் துணைக்கண்டத்திலேயே பல்லாயிரம் ஆண்டுகளாக இருப்பவை. தந்தைவழி ஒய் குரோமோசோமைப் பார்த்தால் வெளியிலிருந்து வந்த கிளைகளின் பங்கு அதைவிடக் கூடுதல். வந்தவர்களில் ஆண்கள் அதிகம், அவர்கள் இங்கிருந்த பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள் என்பதற்கு இது சான்று. முண்டா மக்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது: தந்தைவழி பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியா, தாய்வழி ஏறத்தாழ முழுக்க இந்தியா. ஆக, தாய்வழி இந்நாட்டின் மிகப் பழைய வேட்டைக்குடியிலும் தந்தைவழி புல்வெளி மேய்ப்பரிலும் போய் நிற்கும் மனிதர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உங்கள் வேர் எது என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

சரி, கலந்தவர்கள் நாம். அந்த மூன்று பழைய கூட்டங்களாவது தூய்மையானவையா என்று கேட்கலாம். அவையும் கலவைகள்தான். இங்கே வந்த மேய்ப்பர்களின் முன்னோரிடமே கிழக்கு ஐரோப்பிய வேட்டைக்குடிகளும், காகசஸ் மலைப்பக்கத்து மக்களும், ஐரோப்பாவின் பழைய உழவர்களும் கலந்திருந்தார்கள். இன்னும் பின்னால் போனால், ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லோரிடமும் ஏறத்தாழ 2 விழுக்காடு நியாண்டர்தால் மனிதரின் டி.என்.ஏ. இருக்கிறது. மனிதர்கள் வேறொரு மனித வகையோடேயே குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். தொல் வட இந்தியர், தொல் தென்னிந்தியர், மேய்ப்பர் என்பதெல்லாம் கணக்கு வசதிக்காக ஆய்வாளர்கள் வைத்த பெயர்கள். அந்தப் பெயரில் யாரும் தங்களை அழைத்துக்கொண்டதில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் தமிழர்களான நம் மனதில் இது ஓடிக்கொண்டே இருக்கும். மரபணுவுக்கு மொழி கிடையாது. பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் வாழும் பிராகுயி மக்கள் திராவிட மொழி பேசுகிறார்கள். ஆனால் அவர்களின் மரபணு, பக்கத்தில் வாழும் பலூச்சி மக்களின் மரபணுவைப் போலத்தான் இருக்கிறது. தென்னிந்தியரின் மரபணுவைப் போல இல்லை. மொழி வாயிலிருந்து காதுக்குப் போவது, மரபணு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போவது. சிந்துவெளியில் என்ன மொழி பேசினார்கள் என்பதை அந்த எழுத்துகளைப் படிக்கும்போதுதான் உறுதியாக அறிவோம். ராகிகடிப் பெண்ணின் எலும்பு அதைச் சொல்லாது. மொழியியலாளர்கள் தரும் சான்றுகளோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம். எலும்பை மட்டும் காட்டி மேடையில் வெற்றி அறிவிக்கக் கூடாது, அது எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும்.

எச்சிலைக் குப்பியில் அனுப்பிவைத்தால் "நீங்கள் இத்தனை விழுக்காடு தென்னிந்தியர்" என்று அறிக்கை அனுப்பும் நிறுவனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் உங்கள் டி.என்.ஏ.வை ஒப்பிடுவது தங்களிடம் ஏற்கெனவே மாதிரி கொடுத்த இன்றைய மனிதர்களோடு. அந்தப் பட்டியல் விரிந்தால் உங்கள் விழுக்காடும் மாறும். பழங்கால முன்னோரைப் பற்றிய தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி கதையின் இரண்டாம் பாதி. என்னைக் கேட்டால் முதல் பாதியைவிட இதுதான் முக்கியம். 2,000 ஆண்டுகளாக நடந்த கலப்பு ஒரு கட்டத்தில் நின்றுபோனது. துண்டுகளின் நீளம் அதையும் காட்டுகிறது. மேற்கு வங்கத்தின் கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனத்தின் பார்த்தா மஜும்தார் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு, வட இந்தியாவின் மேல்சாதிக் கூட்டங்கள் பலவற்றில் இது குப்தர் காலத்தையொட்டி, கிட்டத்தட்டச் சட்டென்று நின்றது என்கிறது. ஒரு காலத்தில் எல்லோரோடும் கலந்தவர்கள், பிறகு தங்களுக்குள் மட்டுமே பெண் கொடுத்து எடுக்கத் தொடங்கினார்கள். இதற்கு அகமணம் என்று பெயர். சாதிகள் தனித்தனி மூலத்திலிருந்து வந்ததால் தனித்தனியாக இருக்கின்றன என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடந்தது நேர்மாறு: முதலில் கலந்தார்கள், பிறகுதான் பிரிந்தார்கள்.

அந்தப் பிரிவுக்கு விலை இருக்கிறது, அதை இன்றைக்கும் மருத்துவமனைகளில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். சில நூறு குடும்பங்களிலிருந்து கிளைத்த ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணந்துகொண்டு பெருகி இன்று லட்சக்கணக்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த முதல் குடும்பங்களில் ஒருவரிடம் பழுதான ஓர் எழுத்து இருந்திருந்தால், இன்று அந்தக் கூட்டம் முழுவதிலும் அது பரவலாக இருக்கலாம். இதை நிறுவனர் விளைவு என்கிறார்கள். பழுதில்லாதவர் உலகில் யாரும் இல்லை. நம் ஒவ்வொருவரிடமும் சில பழுதான எழுத்துகள் உண்டு. ஜோடியில் ஒன்று நன்றாக இருந்தால் பெரும்பாலும் மற்றொன்றின் பழுது வெளியே தெரியாது. அப்படிப்பட்ட பழுதுகளில், அம்மாவும் அப்பாவும் ஒரே பழுதைக் கொடுக்கும்போதுதான் நோய் வருகிறது. ஒரே கூட்டத்துக்குள் மணந்தால் அந்த வாய்ப்பு கூடுகிறது.

அத்தை மகள், மாமன் மகன், அக்காள் மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் மணந்தால்தான் ஆபத்து, வெளியே எடுத்தால் ஆபத்தில்லை என்று நாம் நினைக்கிறோம். சொந்தம் என்று தெரியாத இரண்டு குடும்பங்கள்கூட, கூட்டம் ஒன்றாக இருந்தால், 30 தலைமுறைக்கு முன் அதே சில முன்னோரிடம் போய்ச் சேர்ந்துவிடும். 2017இல் தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட கூட்டங்களை ஆராய்ந்தபோது, 81 கூட்டங்களில் இந்த விளைவு ஃபின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் இருப்பதைவிடக் கடுமையாக இருந்தது. மருத்துவ உலகில் நிறுவனர் விளைவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர்களே அந்த இருவரும்தான். அந்த 81 கூட்டங்களில் 14 கூட்டங்களின் மக்கள்தொகை 10 லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. கூட்டம் பெரிதாக இருப்பதால் பயமில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆந்திரம், தெலங்கானா பக்கத்து ஆரிய வைசியர்களிடம் பியூட்டிரைல் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் குறைபாடு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அன்றாட வாழ்க்கையில் இந்தக் குறையால் எந்தத் தொல்லையும் இல்லை, இருப்பதே தெரியாது. அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் என்ற மருந்தை உடைப்பது இந்த நொதிதான். மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் தெளிந்துவிடும் அந்த மருந்து, இந்தக் குறை உள்ளவர்களுக்கு மணிக்கணக்கில் நிற்கும்; மூச்சுத் தசையும் அசையாமல் கிடக்கும். அந்தப் பகுதியில் அனுபவமுள்ள மயக்க மருத்துவர்கள் இதை அறிந்து, முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு மருந்தை மாற்றிக்கொள்கிறார்கள். ஒரு கூட்டத்தின் மரபணுக் கதை தெரிந்திருந்தால் உயிரைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது.

யூதர்கள் செய்ததையும் பார்க்கலாம். டே-சாக்ஸ் என்ற நோய் அஷ்கெனாசிக் குழந்தைகளைச் சில வயதுக்குள் கொன்றுவிடும். 1970களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கான இரத்தப் பரிசோதனைகள் தொடங்கின. 1983இல் ஜோசப் எக்ஸ்டீன் என்ற மதகுரு, பெரியவர்கள் பார்த்துத் திருமணம் முடிக்கும் பழமைவாதக் குடும்பங்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். பெண் பார்க்கும் பேச்சு முற்றுவதற்கு முன், இருவருமே அந்தப் பழுதைச் சுமக்கிறார்களா என்பதை ரகசியமாகச் சொல்லிவிடுவார்கள். இப்படிப் பலரும் எடுத்த முயற்சியால் அந்தச் சமூகத்தில் டே-சாக்ஸோடு பிறக்கும் குழந்தைகள் 10இல் 9 பங்குக்கு மேல் குறைந்தார்கள். நம் நாட்டிலும் அப்படிச் செய்ய முடியும். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான பரிசோதனை ஓர் எளிய இரத்தப் பரிசோதனைதான். நகரங்களில் எளிதாகக் கிடைக்கிறது.

பிரிவுகளைத் தாண்டி நம்மைச் சேர்த்து நிறுத்தும் பழுதும் ஒன்று உண்டு. இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றத்தை, தமிழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணி முதன்மை ஆசிரியராக எழுதிய 2009ஆம் ஆண்டு ஆய்வு விரிவாகப் பதிவுசெய்தது. துணைக்கண்டத்து மக்களில் 100க்கு ஏறத்தாழ 4 பேரிடம் அது இருக்கிறது, வெளியே அரிது. வயதான காலத்தில் இதயத் தசை தளரும் அபாயத்தை அது கூட்டுகிறது. கலப்பு நின்றதற்கு மிக முன்பே தோன்றிய மாற்றம் என்பதால், வடக்கு தெற்கு, சாதி, மதம் என்று எதையும் பார்க்காமல் பெரும்பாலான கூட்டங்களில் பரவிக் கிடக்கிறது.

இப்போதைக்கு உங்களிடம் ஒரு காரியம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அறுவைச் சிகிச்சை முடிந்து வெகுநேரம் மூச்சு திரும்பாமல் இருந்ததா, சிறுவயதிலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்ததுண்டா, நாற்பதுகளிலேயே இதயம் பலவீனமானவர்கள் இருந்தார்களா என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.